பையன் வண்டி கட்டுகிறான்... தடுக்கத்தான் வேண்டுமா?

அண்மையில் ஒரு தந்தையார் என்னிடம் குறைபட்டுக் கொண்டார். அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவன். இப்பொழுது நான்காம் படிவத்தில் இருக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் பழைய கப்சாய் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுகிறானாம். "எஞ்சின் ஒரு வண்டியுடையது, சட்டகம் இன்னொரு வண்டியுடையது, முன் ஃபோர்க் வேறெதனுடையதோ! நீங்களாவது சொல்லி நிறுத்துங்கள், சார்" என்றார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் பிற பெற்றோரும் அறியட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

ஹைபிரிட் என்றவுடன் பெட்ரோலும் மின்கலமும் சேர்ந்தியங்கும் காரே நம் நினைவுக்கு வருகிறது. இளைஞர் சொல்லும் ஹைபிரிட் வேறு. பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து, மண்பாதையில் ஓடத்தக்க ஒரு வண்டியைக் கட்டுவதே அது. இது புதுமையுமன்று. ஹோண்டா நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய சூப்பர் கப் வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. நம் நாட்டுக் கப்சாய் அந்த வழியில் வந்ததுதான். ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வாழ்ந்த நம் பெரியவர்கள் அதற்குக் கட்டை டயர் மாட்டி, பின் பற்சக்கரத்தைப் பெரிதாக்கிச் சேற்றில் ஓட்டினார்கள். அவர்களை யாரும் பொறியியலாளர் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பற்சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். முன்னே 14 பற்கள், பின்னே 36 பற்கள் இருந்தால் விகிதம் ஏறக்குறைய 2.57. முன்னே 13, பின்னே 45 என்று மாற்றினால் அது 3.46 ஆகிறது. பின்சக்கரத்தைச் சுழற்றும் விசை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுகிறது. அதே எஞ்சின் சுழற்சிக்குக் கிடைக்கும் வேகமோ நான்கில் ஒரு பங்களவு குறைகிறது. மேடேறும், ஆனால் பறக்காது! வகுப்பில் விகிதக் கணக்கைக் கண்டால் கொட்டாவி விடும் மாணவன், கொட்டகையில் இக்கணக்கை மூன்று முறை சரிபார்க்கிறான். தவறினால் பணம் கொடுத்து வாங்கிய பற்சக்கரம் வீணாகுமல்லவா?

கோணமும் அப்படித்தான். முன்னே நீளமான ஃபோர்க்கைப் பொருத்தினால் வண்டியின் முகம் உயரும், கைப்பிடித் தண்டு பின்னோக்கிச் சாயும், திருப்புவது மந்தமாகும். வேறு வண்டியின் சக்கரத்தைப் பொருத்தும்போது முன்பின் பற்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நில்லாவிட்டால் சங்கிலி தேயும், நழுவியும் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்து கறுத்திருப்பது பெட்ரோல் மிகுதி என்பதையும், வெளுத்திருப்பது காற்று மிகுதி என்பதையும் காட்டும். எரிதலைப் பற்றி இதைவிடத் தெளிவான அறிவியல் பாடத்தை நான் கண்டதில்லை. நாம் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் அட்டையையும் பசையையும் வைத்துக்கொண்டு சொல்ல முயல்வதும் இதைத்தான்.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. ஜொகூர் பாருவில் 2017 பிப்ரவரியில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் நள்ளிரவுக்குப் பின் சாலையில் சென்ற சிறார்களில் 8 பேர் கார் மோதி உயிரிழந்தனர். அவை எஞ்சினே இல்லாத மிதிவண்டிகள்! 'மாட் ரெம்பிட்' என்ற சொல் எந்தத் தாயின் வயிற்றிலும் புளியைக் கரைக்கும். சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. வண்டிப் பதிவில் சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் உள்ளன. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், நினைத்தபடி வண்டியை மாற்றிவிட்டுப் பொதுச்சாலையில் ஓட்ட இயலாது. 16 வயது நிறையாமல் பி2 உரிமமும் கிடையாது.

ஆகவே, கட்டுவது வேறு, ஓட்டுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நாம் கட்டும் கையையும் சேர்த்துக் கட்டிப் போடுகிறோம் என்பது என் தாழ்மையான கருத்து. அத்தகைய வண்டி வீட்டு வாசலைத் தாண்டி உருண்டு போகக் கூடாது. லாரியில் ஏற்றி, உரிய அனுமதியுள்ள திடலிலோ தனியார் நிலத்திலோதான் இறக்க வேண்டும். தலைக்கவசம், காலுறை, முழங்கால் காப்பு வாங்காமல் டயர் வாங்கப் பணம் தராதீர்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: பற்றவைப்பு. கப்சாய்ச் சட்டகத்தில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே மேற்குழாய் கிடையாது. ஆகையால் குதித்து இறங்கும்போது பளுவெல்லாம் கைப்பிடித் தண்டருகே உள்ள இணைப்பில் விழும். அங்கே ஒரு குழாயைச் சேர்த்து வலுவூட்டுவார்கள். அவ்வேலையைப் பயிற்சி பெற்ற வெல்டிங்காரர்தான் செய்ய வேண்டும். பையன் அருகில் நின்று பார்க்கட்டும், இணையத்தில் கண்டதைக் கொண்டு கைவைக்க வேண்டாம். காலியான பெட்ரோல் தொட்டியில் தீப்பொறி படவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைத் தரும். இவற்றைத் தந்தை அறிந்திருந்தால் பையனோடு சண்டையிட நேராது. பேசுவதற்குப் பொருள் இருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. அவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, எதைக் கழற்றினான், எதைப் பொருத்தினான், என்ன செலவாயிற்று என்று தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். 'நான் ஒரு குடை' என்று எழுதிச் சலித்த கை, 'கிளட்ச் ஏன் நழுவியது' என்று இரண்டு பக்கம் எழுதும்.

நம்மவரிடையே தொழிற்கல்லூரி என்றால் படிப்பு வராதவன் போகுமிடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மலேசியத் திறன் சான்றிதழ் அங்கிருந்தும் கிடைக்கும் என்பதை எத்தனை பெற்றோர் கேட்டறிந்திருக்கிறோம்? மூன்றாம் படிவத்தில் படிக்கும் பிள்ளை வைத்திருப்போர், வீட்டில் ஸ்பேனர் ஒலி கேட்டால், விண்ணப்பக் காலம் தொடங்குமுன் அருகிலுள்ள தொழிற்கல்லூரிக்கு அவனையும் அழைத்துச் சென்று அங்குள்ள பட்டறையை ஒருமுறை பார்த்து வாருங்கள். கேள்விகளை அவனே கேட்கட்டும்.