பச்சை விளக்கு யாருக்கு?

சாலையைக் கடக்கும் பாதசாரிக்கு ஒழுக்கம் போதிக்கும் கட்டுரைகளை நாம் நிறையவே வாசித்துவிட்டோம். வரலாறோ வேறு சொல்கிறது. 1868இல் லண்டன் பாராளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட முதல் சிக்னல், நடப்பவர் பத்திரமாகக் கடக்கும்பொருட்டு வண்டிகளை நிறுத்தவே தோன்றியது.

நம் சென்னையின் பல சந்திப்புகளில் நிலைமை தலைகீழ். 18 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 15 நொடிகள் வேண்டும், 0.8 மீட்டரே நடக்க இயலும் மூதாட்டிக்கு 22 நொடிகளுக்கும் மேல். அந்நொடிகளிலும் 'ஃப்ரீ லெஃப்ட்' என்ற பெயரில் இடப்புறம் திரும்பும் வண்டிகள் நிற்பதில்லை. நடப்பவருக்குப் பச்சை எரிகிறது; வழிதான் இல்லை.

சிவப்பு விளக்கைத் தாண்டுவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம். முதல் முறைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; சிறைக்கும் இடமுண்டு. நன்று. ஆனால் தண்டிக்கும் உரிமை கொண்ட அரசுக்கு, கடக்கப் போதிய நொடிகளை அளிக்கும் கடமை இல்லையா?

பாதசாரி கடக்கும்போது இடப்புறத் திருப்பத்தையும் நிறுத்துங்கள். மூதாட்டியின் நடையைக் கொண்டு நொடிகளை வகுங்கள். ஒழுக்கம் குறித்துப் பிறகு பேசுவோம்.