வீட்டுத் தொழில் பகுதி: பழைய வண்டியும் நம் கையும்

சென்ற திங்கள் மின்விசிறியின் கண்டென்சரை நாமே மாற்றும் முறையை எழுதியிருந்தேன். அதனைக் கண்ட அன்பர் ஒருவர், "வாசலில் பழைய அம்பாஸடர் நிற்கிறது, அதற்கும் வழி சொல்லலாகாதா?" என்று கேட்டார். சொல்லலாம். என்னிடமும் அவ்வண்டி ஒன்று உண்டு. அண்டை வீட்டுப் பெரியவர் பணியினின்று ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது எனக்கு விற்றுச் சென்றது.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, இவ்வங்காளத்து உத்தரபாராவிலேயே செய்யப்பட்ட வண்டி அது. 2014-இல் உற்பத்தி நின்றது. ஆயினும் பாயிண்ட் வைத்த அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைச் சாதாரண ஸ்பானர்களைக் கொண்டே பழுது பார்க்கலாம்.

முதலில் தீப்பொறி நேரம். வண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் கலகலவென்று தட்டினால் தீப்பொறி முந்துகிறது என்று பொருள். இழுவை குறைந்து, எஞ்சின் சூடேறி, பெட்ரோலும் மிகுதியாகச் செலவானால் அது பிந்துகிறது எனக் கொள்ளலாம். நேரத்தைத் திருத்துமுன் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். இடைவெளி மாறினால் நேரமும் மாறும். பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் ஃபீலர் தகட்டால் அளந்து 0.015 அங்குலம் வைக்கவும்.

பின்னர் பிளக்குகளைக் கழற்றுக. கழற்றுமுன் வயர்களில் எண் குறித்துக்கொள்வது நன்று. தீப்பொறி வரிசை 1-3-4-2. ரேடியேட்டர்ப் பக்கம் உள்ளதே முதல் சிலிண்டர். அதன் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மற்றொருவரைக் கொண்டு எஞ்சினை மெல்லச் சுழற்றுக. விரலைக் காற்று தள்ளத் தொடங்கியதும், புல்லியின் வெட்டுக்குறி கைப்புத்தகம் கூறும் டிகிரிக்கு வரும்வரை சுழற்றி நிறுத்துக. குறி தாண்டிவிட்டால், நன்றாகப் பின்னே போய் மீண்டும் முன்னோக்கி வருதல் வேண்டும்.

இனி 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். அதன் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்து முனையிலும் மற்றொன்றை எஞ்சின் இரும்பிலும் இணைத்துச் சாவியைப் போடுக. பாயிண்ட் மூடியிருக்கையில் பல்பு எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, உடலை மெல்லத் திருப்பிப் பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் முடுக்குக. ரோட்டர் சுழலும் திசைக்கு எதிரே திருப்பினால் நேரம் முந்தும். அத்திசையிலேயே திருப்பினால் பிந்தும். வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறவாதீர்.

இதில் பிழை நேர்ந்தால் என்ன? வண்டி கிளம்பாது, அல்லது முக்கி முனகும். அவ்வளவே. மறுபடியும் செய்து பார்க்கலாம். ஸ்டியரிங்கில் நேரும் பிழை அத்தகையதன்று. இதனை என் தவற்றினாலேயே அறிந்தேன்.

முன்பக்கத்து டை ராட் முனை ஒன்று தேய்ந்திருந்தது. புதியதை வாங்கி நானே பொருத்தினேன். நட்டை முடுக்கிய பின், அது கழலாதிருக்க அதனூடே செருகும் ஸ்பிளிட் பின் ஒன்று உண்டு. பழையது ஒடிந்து போயிற்று, கடையும் அடைத்திருந்தது. நாளை போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அந்த நாளை வரவேயில்லை.

பத்து நாள் கழித்து, உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்திற்காகக் கரக்பூரிலிருந்து கல்கத்தா புறப்பட்டோம். பின்னிருக்கையில் குழந்தைகள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். கோலாகாட் பாலத்தை நெருங்குகையில் என் மனைவி, "ஏங்க, முன்னாடி ஏதோ டக் டக்குனு கேக்குதே" என்றாள். பழைய வண்டி அப்படித்தான் என்றேன். "இல்லங்க, காலையில இந்தச் சத்தம் இல்ல, நிறுத்திப் பாருங்க" என்றாள். ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன். அந்த நட்டு இரண்டு மறையில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே ரூபநாராயண் ஆறும் அதன்மேல் பாலமும் தெரிந்தன. என் கைகள் நடுங்கின. அங்கேயே மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, பின் செருகிய பிறகே வண்டியை எடுத்தேன்.

ரயில்வேயில் தண்டவாளத்துப் பாயிண்ட் திரும்பினால் மட்டும் போதாது. பூட்டியது உறுதியான பின்னரே சிக்னல் கிடைக்கும். நாள்தோறும் அதனைக் காணும் நான், என் வண்டிக்கு மட்டும் அவ்விதியை மறந்தேன்.

ஆகவே ஸ்டியரிங்கில் நாம் செய்யத்தக்கது சோதனை. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, டயரை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் டை ராட் முனையை ஐயுறுக. மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கையில் ஆடினால் பேரிங்கையோ கிங் பின்னையோ ஐயுறுக. ராக்கின் இருபுறத்து ரப்பர் உறை கிழிந்துள்ளதா, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா என்பதையும் நோக்குக. குறை கண்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் முடித்த பின்பும், ஒவ்வொரு நட்டிலும் பின் உள்ளதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதில் கூச்சம் வேண்டா.

அடுத்த திங்கள் தையல் இயந்திரத்தின் பெல்ட்டு மாற்றுவது பற்றி எழுதுவேன்.