விசாரணை வீட்டிலேயே நடக்கட்டும்!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 27 வயசு. எட்டாவதோடு படிப்பு நின்னுடுச்சு. லாரிக் கடனை அடைக்க, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகக் கிளம்பினாள். "சுற்றிப் பார்க்கிற விசாவில் போய் இறங்கிக்கோ, அங்கே மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட்டு சொல்ல, தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டினாள்.

ஏர்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி, "எங்கே தங்குவே? எப்போ திரும்புவே?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல முடியாமல் திணறியவளைத் திருப்பி அனுப்பி விட்டார்கள். அழுதுகொண்டே ராசிபுரம் வந்து சேர்ந்தாள். "ஏழை பொழைக்கிறது இவங்களுக்குப் பொறுக்கலையே!" என்று தெருவே திட்டியது. நானும்தான்.

விவரம் தெரிந்த பிறகு என் எண்ணம் மாறியது. பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்குப் பெரும்பாலும் இ.சி.ஆர். வகை பாஸ்போர்ட்தான். 1983-ம் வருஷச் சட்டப்படி, அவர்கள் குவைத், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்பதெல்லாம் அங்கே பதிவாகி விடும். 10 லட்சம் ரூபாய்க்கு இன்ஷூரன்சும் உண்டு. இரண்டு வருஷத்துக்குக் கட்டணம், வரி நீங்கலாக, வெறும் 275 ரூபாய்தான்!

சுற்றுலா விசாவில் போனால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. சம்பளம் தராமல் பூட்டி வைத்தால், அங்கே இவள் வேலை செய்ததற்கே அத்தாட்சி இருக்காது. அந்த அதிகாரி கேட்ட கேள்வி அவள் நன்மைக்குத்தான்.

ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். பணம் கட்டி, நகை போய், பெட்டியும் கையுமாக நிற்கும்போது தடுத்து என்ன பிரயோஜனம்? அவளைத் தடுத்தார்களே தவிர, அனுப்பியவன் செல்போனை அணைத்து விட்டு நிம்மதியாக இருக்கிறான். அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக, இ.சி.ஆர். பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் அதை ஊருக்குள் யாரும் சொல்லாததால், குறுக்கு வழி காட்டுகிறவன் காட்டில் மழை!

பெண் கொடுக்கும் முன் பத்து இடத்தில் விசாரிக்கிறோமே, கடல் தாண்டி அனுப்பும் முன் விசாரிக்க வேண்டாமா? ஏஜென்ட்டு பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. அங்கேயும் கேட்கலாம்.

மகளிர் குழுக் கூட்டங்களில் அதிகாரிகள் வந்து இதைச் சொன்னால் எத்தனை தாலிக்கொடி தப்பிக்கும்! அவளுடையது இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, ராசிபுரம்