கடற்கரையில் சொறிமீன்: அச்சம் வேண்டாம், ஆயத்தம் வேண்டும்

பிரான்சின் வடகரையில் கிராவ்லின் என்ற இடத்தில் ஆறு உலைகள் கொண்ட பெரிய அணுமின் நிலையம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 10 இரவு அதன் மூன்று உலைகள் அடுத்தடுத்துத் தாமாகவே நின்றன. சில மணி நேரத்தில் நான்காவதும் நின்றது. மற்ற இரண்டும் ஏற்கனவே பராமரிப்பில் இருந்ததால் நிலையம் முழுவதும் முடங்கியது. காரணம் சொறிமீன்கள். உலையைக் குளிர்விக்க இழுக்கப்படும் கடல்நீரோடு கூட்டமாக வந்து, வடிகட்டிகளை அடைத்துக்கொண்டன.

இது புதிதல்ல. 1999 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் ஒரு மின் நிலையத்துக்குள் சொறிமீன்கள் புகுந்ததில் தீவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. ராணுவப் புரட்சி நடந்துவிட்டதோ என்று மக்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை போனது. நம் கல்பாக்கத்திலும் கடல்நீரோடு சொறிமீன் வருவது விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் பிரச்சினைதான்.

மின் நிலையங்களுக்கு வலை உண்டு, கருவி உண்டு, இரவு பகலாகக் கண்காணிக்கப் பொறியாளர்கள் உண்டு. கரைவலை இழுக்கும் தொழிலாளிக்கும், மன்னார் வளைகுடாவில் மணிக்கணக்கில் தண்ணீரில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும், பெருநாள் மாலையில் கடற்கரையில் கால் நனைக்கும் நம் பிள்ளைகளுக்கும் என்ன பாதுகாப்பு இருக்கிறது? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஏன் பெருகுகின்றன?

சொறி என்றும் இழுது மீன் என்றும் நம் மீனவர்கள் சொல்லும் இந்த உயிரினம் உண்மையில் மீனே அல்ல. எலும்பு இல்லை, மூளை இல்லை. உடலில் 95 சதவீதம் தண்ணீர். நீரோட்டமும் காற்றும் தள்ளும் திசையில்தான் பெரும்பாலும் போகும். அதனால்தான் நேற்று வெறுமையாக இருந்த கரையில் இன்று நூற்றுக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

கடல் சூடாவது, சொறிமீனோடு இரைக்குப் போட்டியிடும் மீன்களை நாம் அளவுக்கு மீறிப் பிடிப்பது, அதைத் தின்னும் ஆமைகள் குறைவது, கழிவுநீரும் உரமும் கடலில் கலப்பது ஆகியவை பெருக்கத்துக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இன்னொன்றும் உண்டு. பல வகைச் சொறிமீன்கள் தம் வாழ்வின் தொடக்கப் பருவத்தில் கடினமான பரப்பில் ஒட்டி வளர்பவை. நாம் கட்டும் துறைமுகச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அவற்றுக்கு இலவச வீடுகளாகிவிடுகின்றன.

அதேநேரம் மிகைப்படுத்தவும் கூடாது. உலகளவில் சொறிமீன்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 20 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது என்று 2013ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஆகவே ஒவ்வொரு வரத்தையும் பேரழிவின் அடையாளமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கடலோரத்தில் வாழ்பவருக்கு உலகக் கணக்கு முக்கியமல்ல. இன்று தன் வலையில் மீனுக்குப் பதில் சொறி நிறைந்தால் அன்றைய கூலி போயிற்று. பாரம் தாங்காமல் வலை கிழிந்தால் கடனும் சேர்ந்துகொள்கிறது. கை நிறையக் கொப்புளங்களோடு மறுநாளும் அவர் கடலுக்குப் போகிறார்.

கொட்டினால் என்ன செய்வது?

சொறிமீனின் நூல் போன்ற இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நச்சுப் பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொட்டவுடன் அவை வெடித்து, நுண்ணிய ஊசிகளைத் தோலில் பாய்ச்சும். செத்துக் கரையொதுங்கிய சொறியும், அறுந்து மிதக்கும் இழையும்கூடக் கொட்டும். மணலில் கிடக்கும் நீலக் குமிழியைப் பிள்ளைகள் பலூன் என்று எடுத்து விளையாடுவது மிகவும் ஆபத்தானது.

பதற்றத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் பலவும் தீமையையே கூட்டுகின்றன. மணல் போட்டுத் தேய்த்தால் மிச்சமுள்ள நச்சுப் பைகளும் வெடிக்கும். குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அதுவே நடக்கலாம். சிறுநீர் ஊற்றச் சொல்வோரும் உண்டு. அது நஜீஸ் என்பது ஒருபுறம் இருக்க, மருத்துவமாகவும் அது பயன்படாது.

செய்ய வேண்டியவை எளியவை:

1. கொட்டுப்பட்டவரை உடனே தண்ணீரைவிட்டு வெளியே கொண்டுவந்து அமைதிப்படுத்துங்கள்.

2. தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியாலோ குச்சியாலோ எடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.

3. இழைகளை அகற்றிய பிறகு, பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், கொட்டிய இடத்தை 20 நிமிடமாவது அமிழ்த்தி வையுங்கள். வலி குறையும். முதலில் பெரியவர் தன் கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும்.

4. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, முக வீக்கம் இருந்தாலும், கண்ணில் பட்டாலும், உடலில் பெரும்பகுதி கொட்டுப்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். சிறு குழந்தை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

வினிகர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பெட்டி வடிவச் சொறிமீனுக்கு அது பயன்படும். எல்லா வகைக்கும் பொருந்தாது. எந்தக் கரையில் எந்த வகை வருகிறது என்று அறிந்த உள்ளூர் மருத்துவரும் மீன்வளத் துறையும் சேர்ந்து, அந்தந்த ஊருக்கு ஏற்ற முதலுதவிக் குறிப்பைத் தயாரிக்க வேண்டும். கடற்கரை ஊராட்சிகளும் நகராட்சிகளும் அதைப் படத்தோடு தமிழில் பலகையாக நட வேண்டும். இது அரசிடம் நாம் உரிமையோடு கேட்க வேண்டிய கோரிக்கை.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நம் ஊர்கள் பலவும் கடலைப் பார்த்தே வளர்ந்தவை. இந்த ஊர்களில் அரசு வரும்வரை காத்திராமல் நாமே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

அதிகாலையில் கரை திரும்பும் மீனவருக்குத்தான் அன்று சொறி வரத்து இருக்கிறதா என்பது முதலில் தெரியும். அவர் சொல்லும் ஒரு வரியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே போதும். பெருநாள் மாலையில் எத்தனையோ குடும்பங்கள் எச்சரிக்கையாக இருக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒரு மருத்துவர் முதலுதவியை விளக்கலாம். கடற்கரைக்கு அருகிலுள்ள பள்ளிவாசலிலோ கடையிலோ இடுக்கி, கையுறை, வெந்நீர் ஃபிளாஸ்க் கொண்ட ஒரு பெட்டியை வைக்கலாம். பாசி எடுக்கும் பெண்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுப்பது சிறந்த ஸதகா. அவர்கள் எந்தச் சமுதாயத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. கடல் எல்லோரையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறது.

பர்ளு கிஃபாயா என்பதை ஜனாஸாத் தொழுகையை வைத்தே நாம் விளங்கி வைத்திருக்கிறோம். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும்; ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். உயிரைக் காக்கும் அறிவை ஊரில் சிலராவது கற்று வைத்திருப்பதும் அந்த வகைப் பொறுப்புதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது.

கடலும் அதன் உயிர்களும் அல்லாஹ்வின் படைப்பு. சொறிமீனைப் பகைக்க நமக்குக் காரணமில்லை. அது கூட்டமாக வரும் நாளில் நம் ஊர் ஆயத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம். அடுத்த பெருநாளுக்கு முன்பே அந்தப் பெட்டியும் பலகையும் நம் கடற்கரைக்கு வந்துவிடட்டும், இன்ஷா அல்லாஹ்.