தாமரை இலைக்கே டிமிக்கி கொடுத்த எண்ணெய்!

காலங்காத்தால ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கீங்களா? பூ வாங்க இல்லை பாஸ், இலை வாங்க! மூணாவது வருஷ மினி புராஜெக்ட்டுக்காக நானும் என் பார்ட்னரும் தாமரை இலை தேடி அலைஞ்சோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துட்டு, "பூவே வேணாமா தம்பி?"ன்னு கேட்டார்.

பிளான் சிம்பிள். இலை மேல சிலிக்கான் ரப்பரை ஊத்தி ரெண்டு நாள் விட்டா அச்சு ரெடி. ஒட்டாம இருக்க அதில் ஒரு பூச்சு பூசி மறுபடி ரப்பர் ஊத்தினா, தாமரை இலையோட மேடு பள்ளம் அப்படியே ரப்பர்ல வந்துடும். வந்துச்சு! தண்ணீர் விட்டா முத்து முத்தா உருண்டு ஓடுச்சு. ரிவ்யூ அன்னிக்கு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு நின்னோம். கேள்வி கேட்க வந்த சார் கூலா சொன்னார்: "தண்ணி சரிப்பா. ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடு."

விட்டோம். அது பாட்டுக்குப் பரவி, பாய் விரிச்சுப் படுத்துடுச்சு.

ஹாஸ்டலுக்கு வந்து நிஜத் தாமரை இலையிலயும் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே கதி! "தாமரை இலைத் தண்ணீர்"னு பழமொழி மாதிரி சொல்றோமே, "தாமரை இலை எண்ணெய்"னு யாரும் சொல்லலையே, ஏன்னு அப்பத்தான் புரிஞ்சது.

காரணம் பரப்பு இழுவிசை. பிளஸ் டூவோட மறந்துட்டீங்கன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கோங்க. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன். சமையல் எண்ணெய்க்கு 30 சொச்சம்தான். தண்ணீர் தன்னைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உருண்டையா நிக்கும். எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு பாதிகூட இல்லை. இடுக்கு கிடைச்சா நுழைஞ்சுடும். தாமரை இலையில இருக்கிற மைக்ரான் அளவு மொட்டுகளையும் மெழுகையும் ஜெர்மனி விஞ்ஞானி பார்த்லாட் குழு 1997-ல விளக்கினப்போ உலகமே வியந்துச்சு. ஆனா அந்த டெக்னிக் தண்ணீருக்கு மட்டும்தான்.

அப்போ எண்ணெய்க்கு? இங்கேதான் நம்ம ஊர் ஆயிரங்கால் மண்டபம் ஹெல்ப்புக்கு வருது. (பேர்தான் ஆயிரம், எண்ணினா 953-னு சொல்வாங்க.) அடுத்த தடவை போனா தூணோட உச்சியைப் பாருங்க. தூணை விட அகலமா நாலு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குப் பேர் போதிகை. எண்ணெய் ஒட்டாத பரப்புக்கும் அதே டிசைன்தான், முடியை விடச் சின்ன சைஸ்ல! வெறும் தூணா இருந்தா எண்ணெய் சுவரைப் பிடிச்சு சறுக்கிக் கீழே போயிடும். மேலே தொப்பி இருந்தா, விளிம்பைச் சுத்திக்கிட்டு அடிப்பக்கம் திரும்பித்தான் உள்ளே போகணும். அதுக்கு எண்ணெயோட பரப்பு கீழ்நோக்கி உப்பணும். உப்பின பரப்பை இழுவிசை மேலே தள்ளிவிடும். காற்று மெத்தை மேல சொட்டு நிக்கும்.

2007-ல இதை எம்.ஐ.டி. குழு 'சயின்ஸ்' இதழ்ல நிரூபிச்சாங்க. அதில் முதல் பெயர் அனிஷ் துதேஜா, மும்பை ஐ.ஐ.டி.யில் படிச்சவர். ஆனா ஒரு சிக்கல், அவங்க ஃபுளூரின் ரசாயனத்தையும் சேர்த்துக்கிட்டாங்க.

அதுல என்ன சிக்கல்? அம்மா மண்டபம் பக்கம் நாங்க ரெகுலரா பஜ்ஜி சாப்பிடுற கடைக்கு வாங்க, சொல்றேன். அக்கா நியூஸ்பேப்பர்லதான் கட்டித் தருவாங்க. அச்சு மை உணவுல இறங்கும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லயே எச்சரிச்சாச்சு. சரி, எண்ணெய் ஊறாத காகிதம் வாங்கலாம்னா, அப்படிப்பட்ட காகிதங்கள் பலதுல ஃபுளூரின் சேர்மங்கள்தான் பூசினாங்க. அது மண்ணுலயும் சிதையாது, உடம்புல இருந்தும் சீக்கிரம் போகாது. அந்த வகையில ஒண்ணை 2019-ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் தடைப் பட்டியல்ல சேர்த்தது. அமெரிக்காவுல உணவுக் காகிதத்துக்கு இதை விக்கிறது 2024-ல நின்னே போச்சு.

அப்போ ரசாயனம் இல்லாம, வடிவத்தை மட்டும் வெச்சே எண்ணெயை நிறுத்த முடியுமா? முடியும்னு 2014-ல கலிஃபோர்னியாவுல லியு, கிம்னு ரெண்டு பேர் காட்டிட்டாங்க. தொப்பியோட விளிம்பைக் கோயில் கொடுங்கை மாதிரி மறுபடி கீழே மடக்கிட்டாங்க, அவ்வளவுதான். எந்தத் திரவமும் உள்ளே போகலை. மண்ணுக்குள்ள வாழுற ஸ்பிரிங்டெயில்ங்கிற குட்டி உயிரியோட தோல்லயும் இதே மாதிரி தொங்கல் விளிம்பு உண்டு. தோல் வழியா சுவாசிக்குதே, நனைஞ்சா அவுட்!

ஆனா லியு, கிம் செஞ்சது கண்ணாடி மாதிரி கெட்டியான சிலிக்காவுல. நமக்கு வேண்டியது மடிக்கிற, சுத்துற சமாச்சாரம். ரப்பர்ல ஒரு சௌகரியம் இருக்கு. கழுத்து குறுகின செம்புல பணியாரம் ஊத்தினா எடுக்க முடியுமா? தொப்பி வெச்ச தூணும் அப்படித்தான் அச்சுக்குள்ள மாட்டிக்கும். ரப்பர்னா நெளிஞ்சு வெளியே வந்துடும். அதே நெளிவுதான் எமனும்கூட. எங்க முதல் பேட்ச் தூண்கள், கழுவிக் காயவெச்சதும் ஒண்ணாம் நம்பர் பஸ்ல தூங்குற ஆள் மாதிரி பக்கத்துத் தூண் தோள்ல சாய்ஞ்சு ஒட்டிக்கிச்சு. குட்டையா, குண்டா செஞ்சா சாயலை. ஆனா சிலிக்கான் ரப்பர் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கோம்.

எங்க பேச்சை ஓரமா கேட்டுக்கிட்டே இருந்த அக்கா போன வாரம் சொன்னாங்க: "தம்பி, அந்த ரப்பர்ல எண்ணெய் ஒட்டாத மாதிரி ஒரு தட்டு செஞ்சு கொடேன், பேப்பர் செலவாவது மிச்சம்."

அடுத்த அச்சு வியாழக்கிழமை ஊத்துறோம். அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லலை. பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுட்டு நைசா கழண்டு வந்துட்டோம்.