முகாமில் பிறந்தவர்களுக்கு எப்போது விடிவு?



2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவுக்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. நல்ல முடிவுதான். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

இலங்கையிலிருந்து இவர்கள் கடந்து வரும் பாக் நீரிணையில் கடலோரக் காவல்படை ரோந்து சுற்றுவதை யாரும் குறை சொல்லவில்லை. தங்கமும் போதைப்பொருளும் கடத்தப்படும் கடல் அது. கரையேறுபவர்களை விசாரிக்கத்தான் வேண்டும். அந்த விசாரணைக்கு ஒரு முடிவும் வேண்டும் அல்லவா? இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அகதி முகாம் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். இங்கே மண்டபம் முகாமில் பிறந்திருந்தாலும், 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாதபட்சத்தில் பிறப்புவழிக் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி வந்து இறங்கியவர்களுக்கோ மேற்சொன்ன விலக்கும் பொருந்தாது.

பாதுகாப்புச் சரிபார்ப்புக்குக் காலக்கெடு விதிக்க வேண்டும். அதில் தேறியவர்களின் நீண்டகால விசா, குடியுரிமை மனுக்களைக் காவல்துறையிடம் விடாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தனிப்பிரிவு அமைத்துக் கவனிக்கலாம். மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீட்டுக்கும் வழி விட வேண்டும். ஆவணம் பெற்று வெளிப்படையாக வாழும் குடும்பங்களால் நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லை. ஆவணமற்ற நிலைதான் மனிதர்களைக் கள்ளத்தோணித் தரகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

– ஒரு வாசகர், இராமநாதபுரம்.