சரத்துக்கு ஒரு நியாயம், நிலக்கரிக்கு ஒரு நியாயமா?

சரவெடி பின்னித்தான் அம்மா எங்களை ஆளாக்கினாள். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் சரவெடியை நிறுத்தியது. பச்சை உப்பு என்று நாங்கள் சொல்லும் பேரியத்தையும் நிறுத்தியது. தீபாவளிக்கு வெடிக்க இரண்டு மணி நேரம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பின்னிப் பழகிய விரல் சும்மா இருக்குமா? திண்ணையில் உட்கார்ந்து முந்தானை நூலை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

புகை கெடுதல்தான். இல்லையென்று சொன்னேனா?

அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகையை அடக்க 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு இரண்டே வருஷம். அது முடிந்ததும் இன்னொரு கெடு, அதற்கப்புறம் இன்னொன்று. கடைசியில் 2025 ஜூலையில், முக்கால்வாசிக்கு மேற்பட்ட அலகுகளுக்கு வடிகட்டும் கருவியே வேண்டாம் என்றாகிவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவாம். குறைவென்றால் கெடுதல் இல்லையா, ஐயா? அந்தப் புகைபோக்கி விடும் கரியமில வாயு கூட்டுகிற வெயிலில், வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் எங்கள் பெண்கள்தான்.

எங்கள் முதலாளிமார் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டார்கள். பேரியத்துக்காக வாதாடியதும் தோற்றதும் தீர்ப்பில் அச்சாகிக் கிடக்கிறது, யாரும் படிக்கலாம். நிலக்கரிக்காக எந்தக் கதவை யார் தட்டினார்கள்? என்ன எழுதிக் கொடுத்தார்கள்? அமெரிக்காவில் காசு வாங்கிப் பரிந்து பேசுகிறவர்கள் யாருக்காகப் பேசுகிறோம் என்று பதிவு செய்ய 1995-லேயே சட்டம் போட்டார்கள். இங்கே அப்படியொரு சட்டமே கிடையாது. பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் செபி விதிப்படி வருஷா வருஷம் வெளியிடும் பொறுப்பு அறிக்கையில், ‘எந்தக் கொள்கைக்காக வாதாடினீர்கள்’ என்றொரு கேள்வி இருக்கிறது. மனசிருந்தால் பதில் எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அம்மாவிடம் யாராவது மனசைக் கேட்டார்களா?

தேர்தல் பத்திரத்திலாவது 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதட்டியபிறகு கொடுத்தவர் பெயர் வெளியே வந்தது. காதோடு சொன்ன பேச்சுக்கு ரசீது ஏது?

பசுமைப் பட்டாசுதானா என்று பார்க்க, எங்கள் பெட்டி மேல் க்யூஆர் குறியீடு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். பத்து ரூபாய்ப் புஸ்வாணத்தைக் கையிலெடுக்கிறவர் போனைக் காட்டிச் சோதிக்கலாம். நிலக்கரிக்காக அமைச்சகத்துக்குள் போய் வந்த கடுதாசிகளுக்கு எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்?